எம்.டி., எம்.எஸ். படிக்கும்போது குழந்தை: விடுப்புக் கடிதம் முதல் தேர்வு விண்ணப்பம் வரை

எம்.டி., எம்.எஸ். படிக்கும் வயதும் குழந்தை பெறும் வயதும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. நான் மயக்கவியல் மேற்படிப்பின் இரண்டாம் ஆண்டில் தாயானேன். இரவு டூட்டியையும் தூக்கமின்மையையும் எப்படியோ தாங்கிக்கொள்ள முடிந்தது. அலைக்கழித்தவை காகிதங்களும் தேதிகளும்தான். விடுப்பு எத்தனை நாள், படிப்பு எத்தனை நாள் நீளும், என் பேட்ச்சுடன் தேர்வு எழுத முடியுமா என்று கேட்டால் துறை அலுவலகம் ஒன்று சொன்னது, கல்லூரி அலுவலகம் வேறொன்று சொன்னது, சீனியர்கள் இரண்டுக்கும் பொருந்தாத மூன்றாவது பதிலைச் சொன்னார்கள். வயிற்றுச் சுமையோடு அலுவலகப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கும் வேலை இனி வருபவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்றாண்டு எம்.டி., எம்.எஸ். படிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. எம்.டி., எம்.எஸ்.ஸுக்கு இணையான டி.என்.பி. படிப்பவர்களுக்கு தேசியத் தேர்வு வாரியத்தின் விடுப்பு விதிகள் தனி. அவர்கள் முதல் இரண்டு படிகளில் உள்ள கணக்கைத் தங்கள் விதிநூலை வைத்துப் போட வேண்டும்.

1. விதியை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்

உங்களுக்கு ஆதாரமான ஆவணம், தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறைகள் 2023. ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விடுப்பு பற்றிய பகுதியை மட்டும் அச்செடுத்தால் போதும். அதில் இருப்பவை:

- ஆண்டுக்கு 20 நாள் ஊதியத்துடன் கூடிய தற்செயல் விடுப்பு, 5 நாள் கல்வி விடுப்பு.
- பணிநிலைமையைப் பொறுத்து வாரம் ஒரு நாள் ஓய்வு.
- பெண்களுக்கு மகப்பேறு விடுப்பும், ஆண்களுக்குத் தந்தைமை விடுப்பும், நடப்பிலுள்ள அரசு விதிகளின்படி.
- தேர்வு எழுதக் குறைந்தது 80 சதவீத வருகை.
- அனுமதித்ததற்கு மேல் விடுப்பு எடுத்தால், அத்தனை நாட்களும் படிப்பின் இறுதியில் சேரும்.
- திட்டமிட்ட தேர்விலிருந்து ஆறு மாதங்களுக்குள் பயிற்சி முடியும் என்றால், அந்தத் தேர்வை எழுதலாம். அதைத் தாண்டினால் அடுத்த தேர்வுதான்.

மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். கருச்சிதைவு நேர்ந்தால் 6 வாரம். இது பலருக்குத் தெரியாது. கருச்சிதைவான மறுநாளே டூட்டிக்கு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்; யாரும் அப்படி வந்து நிற்கக் கூடாது.

பேச்சுவார்த்தையில் ஒரு சிக்கல் வரும். “நீங்கள் ஊழியர் இல்லை, மாணவர். அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது” என்று சில அலுவலகங்களில் சொல்வார்கள். அந்த வாதத்துக்குள் இறங்காதீர்கள். மருத்துவ ஆணையத்தின் ஒழுங்குமுறை முதுநிலை மாணவர்களுக்காகவே எழுதப்பட்டது. முதலில் அதை எடுத்து வையுங்கள். சட்டம் இரண்டாவது துணை.

அரசுப் பணியிலிருந்து வந்து படிக்கும் முதுநிலை மாணவர்களுக்கு, அதாவது சர்வீஸ் பி.ஜி.க்களுக்கு, நிலைமை வேறு. தமிழ்நாடு அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். உரிமை இருக்கிறதே என்று முழு ஆண்டையும் எடுத்தால், உங்கள் பேட்ச்சுடன் தேர்வு எழுத முடியாது. உடல்நிலையும் குழந்தையின் நிலையும் கேட்டால் தயங்காமல் எடுங்கள். ஆனால் என்ன விலை என்று தெரிந்துகொண்டு எடுங்கள்.

2. தேதிக் கணக்கை முதல் மூன்று மாதத்திலேயே போடுங்கள்

எல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. 26 வாரம் என்பது 182 நாள். தேர்வுக்குப் பின் கிடைக்கும் ஆறு மாத அவகாசமும் ஏறத்தாழ அவ்வளவே. இரண்டும் ஒட்டி ஒட்டி வருவதால், ஒரு வாரம் இப்படியோ அப்படியோ நகர்ந்தால் தேர்வே கை நழுவிப் போகலாம்.

ஒரு மாதிரிக் கணக்கு. நீங்கள் 2024 டிசம்பர் 1 அன்று சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். விடுப்பு எதுவும் கூடாவிட்டால் 2027 நவம்பர் 30 அன்று பயிற்சி முடியும். 182 நாளும் நீட்டிப்பாகச் சேர்ந்தால் 2028 மே 30 அன்று முடியும். தேர்வு 2027 டிசம்பர் 1 அன்று தொடங்கினால், ஆறு மாத எல்லை 2028 ஜூன் 1. இரண்டு நாள் இடைவெளியில் தப்பிக்கிறீர்கள். கர்ப்ப காலத்து வாந்திக்கும் ரத்தப்போக்குக்கும் என்று பத்து நாள் கூடுதலாக எடுத்திருந்தால் எல்லை தாண்டிவிடும். தேர்வு அக்டோபரிலேயே வைக்கப்பட்டால் 182 நாள் விடுப்பு அந்த எல்லைக்குள் அடங்காது.

வருகைக் கணக்கையும் பக்கத்தில் போடுங்கள். மூன்று ஆண்டு 1095 நாள். 20 சதவீதம் என்றால் 219 நாள். மகப்பேறு விடுப்பு 182, மூன்றாண்டுத் தற்செயல் விடுப்பு 60, கூட்டினால் 242. ஆகவே இரண்டையும் முழுமையாக எடுத்துவிட்டு நீட்டிப்பே இல்லாமல் முடிப்பது நடக்காது. தற்செயல் விடுப்பைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுங்கள். உறவினர் திருமணங்களுக்கு அதைச் செலவழிக்க வேண்டாம். குழந்தைக்குக் காய்ச்சல் வரும் நாட்களுக்கு அதுதான் கைகொடுக்கும்.

இங்கே பெரிய பொறி ஒன்று இருக்கிறது. விடுப்பு நாட்களைப் பணிநாட்களாகச் சேர்க்கலாம் என்றும் ஒழுங்குமுறை சொல்கிறது, அதே அளவு பயிற்சியை நீட்டிக்கலாம் என்றும் சொல்கிறது. இதை ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு மாதிரி படிக்கிறது. எனவே விடுப்புக்குப் போகும் முன்பே இந்தக் கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: “இத்தனை நாள் விடுப்புக்குப் பின் என் பயிற்சி முடியும் தேதி எது? நான் எந்தத் தேர்வுக்குத் தகுதி பெறுவேன்?” பதிலில் ஒரு தேதி இருக்க வேண்டும். “பார்த்துக்கொள்ளலாம்மா” என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். அன்றைக்கு அப்படிச் சொன்னவர் தேர்வு நேரத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.

3. யாரிடம், எப்போது சொல்வது

12 வாரம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது நம் வீடுகளின் வழக்கம். மருத்துவமனைக்குள் அது ஒத்துவராது. கதிர்வீச்சு உள்ள இடங்களில் பணியாற்றுபவர்கள், அதாவது கதிரியக்கவியல், கதிரியக்கச் சிகிச்சை, இதயவியல் கேத் லேப், எலும்பியல், மயக்கவியல் துறையினர், கர்ப்பம் உறுதியான அன்றே துறைத்தலைவரிடமும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடமும் சொல்லிவிட வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, கர்ப்பம் தெரிந்ததிலிருந்து பிரசவம்வரை கருவுக்குச் சேரும் அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. நீங்கள் தெரிவித்தால்தான் அந்த எல்லை உங்களுக்காக நடைமுறைக்கு வரும். உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் இதுவரை அலமாரியில் கிடந்திருந்தால், இன்றே எடுத்து ஈயக்கவசத்துக்குள் மார்பு மட்டத்தில் அணியுங்கள்.

மற்றத் துறைகளிலும் இந்த இடங்களிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றம் கேட்டுப் பெற வேண்டும்: மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வார்டு, புற்றுநோய் மருந்து கலக்கும் அறை, ஃபார்மலின் நெடி நிறைந்த ஆய்வகம், மயக்கவாயு வெளியேற்றும் வசதி இல்லாத அறுவை அரங்கு. இன்னும் கர்ப்பமாகாமல் திட்டமிடுபவர்கள் சின்னம்மை, ரூபெல்லா எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று இப்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் போடுவது உயிருள்ள தடுப்பூசிகள். கர்ப்பத்தில் போட முடியாது, போட்டபின் ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும்.

துறைத்தலைவருக்கு அடுத்தபடியாகச் சொல்ல வேண்டியது உடன் படிக்கும் கோ-பி.ஜி.க்களிடம். உங்கள் விடுப்பின் பாரம் நேராக அவர்கள் தலையில்தான் இறங்குகிறது. பல கல்லூரிகளில் பதிலாள் தருவதில்லை; அது நிர்வாகத்தின் குறை. அதற்காக நீங்கள் கூனிக் குறுக வேண்டாம். ஆனால் முன்கூட்டியே சொன்னால் டூட்டிப் பட்டியலை எல்லோரும் சேர்ந்து போடலாம். ஐந்தாம், ஆறாம் மாதங்களில் உடல் ஒத்துழைத்தால் பகல் டூட்டிகளைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு, கடைசி மாதங்களின் இரவு டூட்டிகளை மாற்றிக் கேளுங்கள். யார் யாருக்கு எத்தனை டூட்டி கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் பார்க்கும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நினைவை நம்பி விட்ட கணக்குகள்தான் பின்னால் மனக்கசப்பாகின்றன.

4. விண்ணப்பமும் ஆவணங்களும்

விடுப்பு தொடங்கும் தேதிக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே கொடுங்கள். இணைக்க வேண்டியவை:

- எதிர்பார்க்கும் பிரசவத் தேதி குறிப்பிட்ட மகப்பேறு மருத்துவரின் சான்று
- முதல் மூன்று மாத ஸ்கேன் அறிக்கையின் நகல்
- ஒழுங்குமுறையின் விடுப்புப் பகுதி
- இதுவரை எடுத்த விடுப்பின் கணக்கு, துறையின் கையெழுத்துடன்
- இரண்டாம் படியில் சொன்ன தேதிக் கேள்விக் கடிதம்

துறைத்தலைவர் பரிந்துரையுடன் டீன் அலுவலகத்துக்குப் போக வேண்டும். தபால் பிரிவில் கொடுக்கும்போது உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். விடுப்பு ஆணை உங்கள் கையில் வந்த பிறகே ஊருக்குக் கிளம்புங்கள். ஆணை வராமல் போனால், அந்த நாட்கள் அனுமதியில்லாத வருகையின்மையாகப் பதிவாகும் ஆபத்து இருக்கிறது. பிரசவம் முன்னதாகவே வந்துவிட்டால், கணவரோ பெற்றோரோ மின்னஞ்சலில் டிஸ்சார்ஜ் சுருக்கத்துடன் தெரிவிக்கும்படி வரைவுக் கடிதம் ஒன்றை முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

5. ஆய்வேடும் மாவட்டப் பணியும்

ஆய்வேட்டைத் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே சமர்ப்பிக்க வேண்டும். பிரசவமும் அந்தக் கெடுவும் ஒரே மாதத்தில் வந்தால் பல்கலைக்கழகம் உங்களுக்காகக் காத்திராது. நோயாளிகளிடமிருந்து தரவு சேகரிக்கும் வேலையை விடுப்புக்கு முன்பே முடித்துவிடுவதுதான் ஒரே வழி. எழுதுவதைக் குழந்தை தூங்கும் நேரத்தில் செய்யலாம். நோயாளி சேர்க்கையை வீட்டிலிருந்து செய்ய முடியாது. தலைப்பே இன்னும் முடிவாகவில்லை என்றால், நீண்ட நாள் பின்தொடர்ந்து பார்க்க வேண்டிய ஆய்வைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆய்வை வழிநடத்தும் கைடிடம் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள்; பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள்.

மாவட்ட மருத்துவமனைப் பணி மூன்று மாதம். மூன்று, நான்கு, ஐந்தாம் பருவங்களில் ஏதாவது ஒன்றில் வரும். அதை முடிக்காமல் தேர்வுக்குப் போக முடியாது. ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளிவந்த பிறகு மாற்றம் கேட்பது மிகக் கடினம். பட்டியல் வருவதற்கு முன்பே ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி, கர்ப்பத்தின் நடு மாதங்களிலோ விடுப்பு முடிந்த பின் உங்கள் தாய்வீட்டுக்கு அருகிலோ கேளுங்கள். என் அனுபவத்தில், குழந்தையுடன் மாவட்ட மருத்துவமனையில் இருந்த மாதங்கள் கல்லூரி மாதங்களைவிட எளிதாகவே இருந்தன.

6. பணம்

மாணவர்கள் இதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள். அலுவலகத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். விடுப்பு மாதங்களில் உதவித்தொகை வருமா? நீட்டிப்பு மாதங்களில் வருமா? நீட்டிப்புக்குக் கல்விக் கட்டணமோ விடுதிக் கட்டணமோ கேட்பார்களா? விடுப்புக்கும் நீட்டிப்புக்கும் என இரண்டு முறை உதவித்தொகை தர மாட்டோம் என்று சொல்லும் கல்லூரிகள் இருக்கின்றன. அப்படியானால் அந்த ஆறு மாதத்துக்கான வீட்டுச் செலவை முன்பே ஒதுக்கி வைக்க வேண்டும். அரசுக் கல்லூரியில் ஒப்பந்தப் பணி இருந்தால் அது பயிற்சி முடிந்த பின்தான் தொடங்கும்; வீட்டுக் கடன், கணவரின் வேலையிடம் எல்லாவற்றையும் அதற்கேற்பத் தள்ளிக் கணக்கிடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் மகப்பேறுச் செலவுக்குப் பெரும்பாலும் 9 மாதம் முதல் 4 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் உண்டு. கர்ப்பமான பின் எடுக்கும் பாலிசி அந்தப் பிரசவத்துக்குப் பயன்படாது. கணவரின் அலுவலகக் குழுக் காப்பீட்டில் காத்திருப்பு இல்லாமல் கிடைக்க வாய்ப்பு அதிகம், அதை முதலில் பாருங்கள்.

7. பிக்மி எண்ணும் பிறப்புச் சான்றிதழும்

மருத்துவர்களே தவறவிடும் இடம் இது. தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிவு செய்ய, கர்ப்பகாலத்தில் அரசிடம் பதிந்து பெறும் 12 இலக்க பிக்மி எண் வேண்டும். தெரிந்த மேடத்திடம் தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொள்வதால், ஆரம்ப சுகாதார நிலையத்தின் பக்கமே நாம் போவதில்லை. பிரசவத்தன்று பதிவு மேசையில் எண் கேட்கும்போதுதான் விழிக்கிறோம். கர்ப்பம் உறுதியானவுடன் இணையத்தில் முன்பதிவு செய்து, உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியர் மூலம் எண்ணைப் பெற்றுவிடுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு, முகவரி விவரம் கேட்பார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள் எண்ணையும் தாய்-சேய் நல அட்டையையும் பெட்டியில் முதலில் வையுங்கள்.

21 நாளுக்குள் பதிவானால் கட்டணம் இல்லை. பெயர் இல்லாமலும் பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். தாய், தந்தை பெயர்களின் எழுத்தும் முன்னெழுத்தும் சரியாக உள்ளனவா என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் பாருங்கள். டூட்டிக்குத் திரும்பிய பின் திருத்தத்துக்கு அலைய உங்களுக்கு ஒரு வேலைநாள்கூட ஓய்வாகக் கிடைக்காது.

6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் விடுப்புக்குள்ளேயே முடிந்துவிடும். 9 மாத ஊசிக்குத்தான் ஒரு தற்செயல் விடுப்பு ஒதுக்க வேண்டும்.

8. குழந்தையை யார் பார்ப்பது

பகல் பராமரிப்புக்கு வழி கிடைத்துவிடும். 24 மணி நேர டூட்டியை நினைத்துத்தான் திட்டமிட வேண்டும். குழந்தைகள் காப்பகங்கள் மாலையில் மூடிவிடும். எனவே இரவில் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர், அவருக்கு உடம்பு சரியில்லாத நாளுக்கு இன்னொருவர் என்று இருவர் பெயரை எழுதுங்கள். அம்மா, மாமியார், கணவர், ஆயா, யாராக இருந்தாலும் சரி. ஒருவரை மட்டும் நம்பினால், அவருக்கு வைரஸ் காய்ச்சல் வரும் வாரத்தில் உங்கள் வருகைக் கணக்கும் சேர்ந்து படுத்துவிடும். ஆயா வைப்பதானால், நீங்கள் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வரச் சொல்லி, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே பழக விடுங்கள்.

விடுதியில் குழந்தையை அனுமதிப்பது அரிது. கல்லூரி விடுதி வசதி தர வேண்டும், ஆனால் மாணவர் அங்கே தங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அதே ஒழுங்குமுறை சொல்கிறது. மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு பாருங்கள். வாடகை கூடினாலும் பரவாயில்லை. நடுவில் பதினைந்து நிமிடம் போய்ப் பால் கொடுத்துவிட்டு வர முடிவதற்கு ஈடாக எதுவும் இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உங்களுக்கு உடனே கிடைக்காவிட்டாலும், நாலைந்து பேர் சேர்ந்து எழுதிக் கேளுங்கள்.

தந்தையாகும் பி.ஜி.க்களுக்கும் ஒரு சொல். மத்திய அரசு விதியில் தந்தைமை விடுப்பு 15 நாள், பிரசவத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். உங்கள் கல்லூரி எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த வாரத்தில் உதவிக்கு வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். மனைவி வேலைக்குத் திரும்பும் வாரத்துக்குச் சில நாட்களை மிச்சம் வையுங்கள்.

9. திரும்பும் வாரமும் தாய்ப்பாலும்

பணியில் சேரும் கடிதம், உடல்தகுதிச் சான்று, டிஸ்சார்ஜ் சுருக்கம், பிறப்புச் சான்றிதழ் நகல் ஆகிய நான்கையும் முதல் நாளே கொடுத்து முத்திரை வாங்குங்கள். நீண்ட விடுப்புக்குப் பின் பல்கலைக்கழகத்தின் அனுமதி தேவையா என்றும் அன்றே கேளுங்கள். தேர்வுக்கு முன் தெரிய வந்தால் தாமதமாகிவிடும்.

பால் பிழிந்து சேமிப்பதை, திரும்புவதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்பதனப் பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம். அந்த 4 மணி நேரம் 25 டிகிரி அறைக்குச் சொன்னது. நம் ஊர் மே மாதத்துக்குப் பொருந்தாது. ஐஸ் கட்டிப் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். தேதியும் நேரமும் ஒட்டுங்கள். வார்டின் தடுப்பூசிப் பெட்டியில் வைக்காதீர்கள். புட்டிக்குப் பதிலாகப் பாலாடையில் கொடுக்க வீட்டாரைப் பழக்கினால், குழந்தை மார்பை மறுப்பது குறையும். பஸ் நிலையங்களில்கூடப் பாலூட்டும் அறை வந்துவிட்ட மாநிலத்தில், மருத்துவமனைக்குள் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறையைக் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. பிறந்த சிசுக்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்களைக் கேளுங்கள். இடமும் தருவார்கள், முறையும் சொல்லித் தருவார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையோ, குழந்தையிடம் ஒட்டாமையோ, உயிர்வாழ விருப்பமின்மையோ இருந்தால் அதைச் சோர்வு என்று தள்ளிவிடாதீர்கள். நோயாளிக்கு இதே அறிகுறி இருந்தால் உடனே மனநல மருத்துவரிடம் அனுப்பியிருப்பீர்கள். சொந்தக் கல்லூரியில் காட்டத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

10. தேர்வு விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பு

உங்கள் கோப்பை எடுத்துக்கொண்டு துறை அலுவலகத்தில் உட்கார்ந்து வருகைப் பட்டியலை வரி வரியாகச் சரிபாருங்கள். மகப்பேறு விடுப்பு அதன் பெயரிலேயே பதிவாகியிருக்கிறதா, மாவட்டப் பணியின் முடிவுச் சான்று சேர்ந்திருக்கிறதா, பயிற்சிப் பதிவேடான லாக் புக்கில் கையெழுத்து விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீட்டிப்பு முடியும் தேதி, டீன் அலுவலகம் முன்பு எழுதித் தந்த தேதியுடன் ஒத்துப்போக வேண்டும். ஒரு நாள் வேறுபட்டாலும், விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் திருத்தி வாங்குங்கள். தேர்வு எழுதிய பின்னும் நீட்டிப்பு நாட்கள் மிச்சமிருக்கும். அவற்றை முடித்து, பயிற்சி நிறைவுச் சான்றைக் கையில் வாங்கிய பிறகே விடுதி அறையையோ வாடகை வீட்டையோ காலி செய்யுங்கள்.